கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி. திண்டுக்கல்லில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போனேன்.

வாசல் நிறைய செருப்புகள் கிடந்தன. "வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்து இருந்தது. ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இருந்தார்கள். எல்லோரும் பிளஸ்-2 மாணவிகள். நடுவில் இரண்டு லேப்டாப். ஒன்று புதியது. மற்றது ரொம்பப் பழையது. அதன் மூடி சரியாக நிற்காததால், பின்னால் ஒரு தலையணையை முட்டுக் கொடுத்து இருந்தார்கள்.

"விசேஷம் ஒன்றும் இல்லை, மாமா. கோடிங் செய்கிறோம்" என்றாள் அக்காள் மகள்.

அக்காள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "என்னவோ செய்கிறார்கள். நாலு பேர் சேர்ந்தும் வீட்டில் சண்டை சத்தம் இல்லை. எனக்கு அதுவே போதும்" என்றாள்.

ஆறு பேர் வருவதாக இருந்ததாம். ஒரு பெண் வரவில்லை. அவளுடைய அப்பா விடவில்லை. "அடுத்தவர் வீட்டில் போய் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டு இருக்கிறார். வராத அந்தப் பெண்தான் வகுப்பிலேயே இந்தப் பாடத்தில் கெட்டிக்காரியாம்.

அந்தத் தகப்பனார் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த வரையில், பிள்ளைகள் கூடினால் அரட்டை. கம்ப்யூட்டரைத் திறந்தால் சினிமா. இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? ஆனால் அன்று அந்தக் கூடத்தில் நான் பார்த்தது வேறு. அதைப் பற்றித்தான் இன்று பெற்றோர்களிடம் பேச விரும்புகிறேன்.

இது என்ன வித்தை?

முதலில், கோடிங் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. சொன்னதைச் செய்யும். சொன்னதை மட்டும்தான் செய்யும். சின்னப் பையனைக் கடைக்கு அனுப்புகிறோம். "தேங்காய் இருந்தால் இரண்டு வாங்கு. இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடு" என்று சொல்லி அனுப்புகிறோம் அல்லவா? அது போல, "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதிக் கொடுப்பதுதான் கோடிங். அப்படி எழுதிய தொகுப்புக்கு புரோகிராம் என்று பெயர்.

பையனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தேங்காய் அழுகி இருந்தால், பையன் வாங்காமல் வருவான். கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு வந்துவிடும். "அழுகாத தேங்காய்" என்று நாம் சொல்லவில்லையே!

இப்படி எழுதுவதற்குத் தனி மொழிகள் இருக்கின்றன. அந்தப் பெண்கள் எழுதியது பைத்தான் என்ற மொழியில். நமது பிளஸ்-2 கம்ப்யூட்டர் பாடப்புத்தகத்தில் இருப்பதும் அதுதான். பாம்பைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. இங்கிலாந்தில் 'மான்டி பைத்தான்' என்று ஒரு நகைச்சுவைக் குழு இருந்தது. அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் என்பவர், 1989-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆபீஸ் மூடி இருந்ததால், வீட்டில் பொழுதைப் போக்கத் தொடங்கிய வேலை அது. இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதற்குப் பணம் கட்ட வேண்டியது இல்லை.

தமிழ் வார்த்தைகளிலேயே எழுதும் மொழியும் உண்டு. அதற்கு 'எழில்' என்று பெயர். அதில் "பதிப்பி" என்று கட்டளை இட்டால், நாம் கொடுத்த வார்த்தையைத் திரையில் காட்டும். இங்கிலீஷ் கண்டு பயப்படும் பிள்ளைகளுக்கு முதல் படியாக அதைக் காட்டலாம்.

பால் கணக்கு

அன்று அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்ட வேலை, அக்காள் வீட்டுப் பால் கணக்கு.

தினமும் அரை லிட்டர். விலை 25 ரூபாய். ஊருக்குப் போன நாட்களில் பால் வாங்குவது இல்லை. மாதம் முடிந்ததும், எத்தனை ரூபாய் கொடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். முதலில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனது. பிறகு ஒரு வரி இரண்டு எழுத்து தள்ளி நின்றது. பைத்தானில் வரி தள்ளி நின்றாலும் தப்பு! ஒருத்தி கண்டுபிடிக்க, ஒருத்தி திருத்த, கடைசியில் ஓடியது.

"அம்மா! 700 ரூபாய்!" என்று கத்தினாள் அக்காள் மகள்.

அக்காள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுப்படிச் சுவரில் தொங்கும் காலண்டரைக் கழற்றி வந்தாள். அதில்தான் அவளுடைய பால் கணக்கு இருக்கிறது. பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி.

"மாதத்துக்கு 31 நாள். இரண்டு நாள் திருச்சிக்குப் போனோம். பாக்கி 29 நாள். 725 ரூபாய் வர வேண்டும். 25 ரூபாய் குறைகிறதே?" என்றாள்.

பெண்கள் திரும்பவும் திரும்பவும் ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் 700 என்றே சாதித்தது. "கம்ப்யூட்டர் தப்பு செய்யாது அத்தை" என்றாள் ஒரு பெண்.

"சரி, அதை ஒவ்வொரு தேதியாகச் சொல்லச் சொல்" என்றாள் அக்காள்.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய சம்பளம் வாங்குகிறவர்கள் தப்பு தேடும் முறை அதுவேதான்! எட்டாவது வரை படித்த என் அக்காளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பால்காரரிடமும் மளிகைக்காரரிடமும் பதினெட்டு வருஷம் கணக்குப் பார்த்து வந்த பழக்கம்.

பெண்கள் ஒரு வரி சேர்த்தார்கள். கம்ப்யூட்டர் தேதிகளை வரிசையாகக் காட்டியது. 1, 2, 3... 28, 29, 30. அதோடு நின்றுவிட்டது.

"31-ம் தேதி எங்கே?" என்றாள் அக்காள்.

விஷயம் இதுதான். பைத்தானில் "1 முதல் 31 வரை" என்று எண்ணுவதற்கு 1, 31 என்று எழுதினால், 30-உடன் நின்றுவிடும். கடைசி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. 32 என்று எழுதினால்தான் 31 வரை போகும். புத்தகத்தில் இது இருக்கிறது. ஐந்து பேரும் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கி இருக்கிறார்கள். ஆனால் அன்றுதான் புரிந்தது. இனி சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

பூச்சி பிடித்த கதை

புரோகிராமில் வரும் தப்புக்கு, பூச்சி என்று பொருள்படும் 'பக்' என்ற பெயரைச் சொல்வார்கள். 1947-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய கணக்கு எந்திரம் ஒன்று கோளாறு செய்தது. உள்ளே பார்த்தால், ஒரு விட்டில் பூச்சி சிக்கி இருந்தது. அதை எடுத்து, குறிப்பு நோட்டில் ஒட்டி, "உண்மையாகவே பூச்சி பிடிபட்டது" என்ற கருத்தில் ஒரு வரியும் எழுதி வைத்தார்கள். 'பக்' என்ற சொல் அதற்கு முன்பே என்ஜினீயர்களிடம் இருந்ததுதான். அதனால்தான் அதை வேடிக்கையாக எழுதினார்கள்.

பூச்சி பிடிக்க, ஒரு ஜோடிக் கண் போதாது. எழுதியவனுக்குத் தன் தப்பு தெரியாது. பக்கத்தில் இருப்பவன் பார்த்த உடனே சொல்லிவிடுவான். கதவைச் சாத்திக்கொண்டு தனி அறையில் உட்கார்ந்து இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பக்கத்து ஆள் கிடையாது. ஒரு காற்புள்ளிக்காக இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, "எனக்கு இது வராது" என்று விட்டுவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். கல்லூரியில் படித்தபோது நானும் அப்படி விட்டவன்தான். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கார் ஷெட்டில் கூடியவர்கள்

வீட்டில் கூடிக் கற்றுக்கொள்வது புதிய பழக்கமும் அல்ல. இப்போது நம் சட்டைப்பையில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம், ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நடந்த கூட்டம்.

1975-ம் ஆண்டு மார்ச் 5-ந்தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். மென்லோ பார்க் என்ற ஊர். கார்டன் பிரெஞ்ச் என்பவர் தன் வீட்டுக் கார் ஷெட்டைத் திறந்துவிட்டார். பிரெட் மூர் என்பவர் தெரிந்தவர்களுக்கு எல்லாம் சொல்லி அனுப்பினார். மழை நாள். அப்படியும் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள்.

அப்போது கம்ப்யூட்டர் என்றால், பெரிய கம்பெனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும் பீரோ பீரோவான எந்திரம். தனி ஆள் நினைத்துப் பார்க்க முடியாது. அந்த ஆண்டுதான் 'ஆல்டேர் 8800' என்று ஒரு சிறிய கம்ப்யூட்டர் விலைக்கு வந்தது. விலை சுமார் 400 டாலர். பெட்டியில் உதிரிப் பாகங்கள் வரும். வாங்கியவரே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். திரை கிடையாது. எழுத்துப் பலகை கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாக சுவிட்சுகள். அவற்றை மேலும் கீழும் தட்டித் தட்டித்தான் கட்டளை கொடுக்க வேண்டும். பதில், சிறு விளக்குகளாக மின்னும். அப்படிப்பட்ட ஒரு பெட்டியைச் சுற்றித்தான் அவர்கள் கூடினார்கள். தெரிந்ததைச் சொன்னார்கள். தெரியாததைக் கேட்டார்கள். 'ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். "வீட்டில் காய்ச்சியது" என்று பொருள்!

அடுத்த மாதங்களில் நடந்த ஒரு கூட்டத்தில் ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தன் ஆல்டேரைத் தூக்கி வந்தார். சுவிட்சுகளைப் பொறுமையாகத் தட்டி ஒரு புரோகிராமை ஏற்றினார். அந்த நேரம் பார்த்து, மின்சார வயர் யாருடைய காலிலோ தட்டியது. இணைப்பு அறுந்தது. ஏற்றியது எல்லாம் போச்சு! அவர் சளைக்கவில்லை. முதலில் இருந்து தட்டினார். பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவை வைத்தார். ரேடியோவில் இருந்து பாட்டு வந்தது! பீட்டில்ஸ் குழுவின் பாட்டு. கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது ரேடியோவில் இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சலையே சுருதி சேர்த்துப் பாட்டாக்கி இருந்தார். கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது.

கார் ஷெட்டில் நடந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற இளைஞரும் ஒருவர். ஒரு கம்பெனியில் என்ஜினீயர். கூச்ச சுபாவம். அங்கே கேட்டதையும் பார்த்ததையும் வைத்துச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் செய்தார். அதன் வரைபடத்தைக் கிளப்பில் எல்லோருக்கும் சும்மாவே கொடுத்தார். அதுதான் 'ஆப்பிள்-1'. 1976-ம் ஆண்டு ஸ்டீவ் ஜாப்ஸ் முதலியவர்களுடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஆப்பிள் கம்பெனி.

எல்லாப் பிள்ளைகளும் கம்பெனி ஆரம்பிப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூச்சப்பட்ட ஒரு பையனுக்குக் கேட்கவும் காட்டவும் நாலு பேர் கிடைத்தார்கள். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

பணம் கட்டினால்தானா?

"இதற்கு எல்லாம் டியூஷன் இருக்கிறதே?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்குக் கூட ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு கோடிங் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்கிறார்கள். வசதி உள்ளவர்கள் கட்டட்டும். கடன் வாங்கிக் கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

"எல்லாவற்றையும் ஏ.ஐ. எழுதிக் கொடுத்துவிடுகிறதே? இவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று அத்தான் கேட்டார். நல்ல கேள்வி. பால் கணக்குக்கு ஏ.ஐ.யும் நொடியில் புரோகிராம் எழுதித் தரும். ஆனால் பால்காரருக்குப் பணம் கொடுப்பது நாம். வந்த விடை சரியா என்று பார்க்க, 31-ம் தேதியைத் தேடத் தெரிந்த ஆள் வீட்டில் வேண்டாமா? "அதுவும் சரிதான்" என்று பேப்பரைப் புரட்டப் போய்விட்டார்.

லேப்டாப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2011-ம் ஆண்டில் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்த பழைய லேப்டாப்புகள் பல வீடுகளில் பீரோ மேல் தூங்குகின்றன. ஓடுகிற நிலையில் இருந்தால், பைத்தான் பழக அது போதும். தலையணை முட்டுக் கொடுத்த லேப்டாப் கூட, ஒரு பெண்ணின் அண்ணன் அந்தத் திட்டத்தில் வாங்கியதுதான்.

எப்படி நடத்துவது?

அக்காள் வீட்டில் பார்த்ததில் இருந்து சொல்கிறேன்.

நாலு பேர், மிஞ்சினால் ஆறு பேர். அதற்கு மேல் போனால் சந்தைக்கடை ஆகிவிடும். இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப் நல்லது. ஆளுக்கு ஒன்று இருந்தால், கூடியும் தனித்தனியாகத்தான் இருப்பார்கள். ஒருத்தி தட்ட வேண்டும், ஒருத்தி பார்த்துக்கொண்டே வர வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கை மாற்ற வேண்டும். பெரிய கம்பெனிகளிலேயே இப்படி ஜோடி ஜோடியாக உட்கார்ந்து எழுதும் வழக்கம் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் தட்டிவிட்டு, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதுதான் இந்தக் கூட்டங்களுக்கு வரும் பெரிய வியாதி. அதற்கு மருந்து இந்தக் கை மாற்றம்.

வேலை ஒன்றுதான் எடுக்க வேண்டும். அதுவும் வீட்டில் இருந்து எடுக்க வேண்டும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, கரண்டு பில், மொய் நோட்டு. அப்போதுதான் விடை சரியா தப்பா என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்கும்.

மூன்று மணி நேரம் போதும். நடுவில் சுண்டல், மோர். லேப்டாப் பக்கத்தில் டம்ளர் வைக்க விடாதீர்கள். பிளக் பாக்ஸ் வயரை நடைபாதையில் போடாதீர்கள். டாம்பியருக்கு நடந்தது நமக்கும் நடக்கும். எழுதியதை அவ்வப்போது சேமிக்கச் சொல்லுங்கள்.

முடிவில், வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, செய்ததைக் காட்ட வேண்டும். இதை மட்டும் விடவே கூடாது. பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முடியவில்லை என்றால், அவர்களுக்கே இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவு திறந்தே இருக்கட்டும். குறுக்கே நெடுக்கே நடங்கள். ஆனால் தோளுக்குப் பின்னால் நின்று "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்காதீர்கள்.

வராத பெண்

மத்தியானம் அக்காள் மகள், வராத அந்தத் தோழிக்கு போன் செய்தாள். 700 ரூபாய் வந்த கதையை ஆரம்பித்தாள். பாதி சொல்லும்போதே அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது: "32 என்று போட்டீர்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக வீட்டில் இருந்துகொண்டு, ஒரு மணி நேரக் குழப்பத்தை ஒரு வார்த்தையில் அவிழ்த்த பெண், அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து இருக்க வேண்டாமா?

இந்த வேலை பெண்களுக்குப் புதிதும் அல்ல. 1946-ம் ஆண்டு அமெரிக்காவில் 'எனியாக்' என்ற பிரமாண்டமான கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு புரோகிராம் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். விழாவில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் பெயர் வெளியே வரப் பல பத்து ஆண்டுகள் ஆயின.

அன்று சாயந்திரம் அக்காள் புடவை மாற்றிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் போனேன். தகப்பனாருக்கு மளிகைக் கடை. வீட்டு முன்பக்கம்தான் கடை. மரியாதையாக உட்கார வைத்தார். யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும், வீட்டில் பெரியவர்கள் இருப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விகள்தான். அக்காள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவர் முகம் தெளியவில்லை.

"நீங்கள் அனுப்ப வேண்டாம், அண்ணே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இங்கே வருகிறோம். உங்கள் கடன் நோட்டுக் கணக்கைப் பிள்ளைகள் போட்டுத் தரட்டும். நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள்" என்றாள் அக்காள்.

இப்படி ஒரு யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. தயங்குகிற வீட்டிலேயே கூட்டத்தை வைத்துவிட்டால், தயக்கத்துக்கு இடம் ஏது?

அவர் கடன் நோட்டை எடுத்துப் புரட்டினார். 46 பேர் கணக்கு இருக்கிறதாம். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வரட்டும். ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்று பெயர் வெளியே போகக் கூடாது. நாளைக்கு அவர்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டும்" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற மகள் சொன்னாள்: "பெயரே வேண்டாம்ப்பா. ஆளுக்கு ஒரு நம்பர் போட்டுக்கொள்கிறோம். எந்த நம்பர் யார் என்று உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு, "காலையில் வியாபாரம் இருக்கும். 11 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்" என்றார்.